தம்பி ஆட, அண்ணன் வரைய...



கைபேசியிலும் தொலைக்காட்சியிலும் நீங்கள் எத்தனையோ கார்ட்டூன் தொடர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒரு வகைக் கதை எல்லாருக்கும் பிடிக்கும். ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் இருப்பார்கள். அல்லது அக்காவும் தம்பியும் இருப்பார்கள். பழைய சாமான்களைக் கொண்டு ஏதாவது ஒரு புதிய இயந்திரத்தைச் செய்துகொண்டே இருப்பார்கள். இயந்திரம் சில நேரம் ஓடும். பல நேரம் புகை கக்கும்!

இது வெறும் கற்பனை என்று நினைக்கிறீர்களா? அந்தக் கார்ட்டூன் உருவங்கள் உயிருள்ளவை போல நடப்பதற்கும் குதிப்பதற்கும் வழிகாட்டிய கருவி ஒன்று உண்டு. உண்மையில் வாழ்ந்த சகோதரர்கள் சிலர் 1915-ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க் நகரில் கூடிச் செய்த கருவி அது. அந்தக் கருவி எது? அது எதற்காகத் தேவைப்பட்டது? இவற்றைத் தெரிந்துகொள்ள, முதலில் நம் கண்ணைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும்.

நின்ற படம் நகர்வது எப்படி?

சினிமாவில் நகரும் படம் என்று எதுவும் கிடையாது. பிலிம் சுருளில் இருப்பவை எல்லாம் அசையாத படங்களே. மௌனப்படக் காலத்தில் வினாடிக்குச் சுமார் 16 படங்கள் வீதம் காட்டினார்கள். பேசும் படம் வந்தபின் அது 24 ஆயிற்று. ஒவ்வொரு படமும் திரையில் ஒரு கணம் நிற்கிறது, பிறகு இருள், பிறகு அடுத்த படம். அப்படியானால் நமக்கு ஏன் இருள் தெரிவதில்லை? படம் ஏன் தாவித் தாவித் தெரியாமல் தொடர்ந்து நகர்வதாகத் தெரிகிறது?

இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். பல நூல்களில் இரண்டுக்கும் ஒரே விடை எழுதப்பட்டிருக்கும்: "விழித்திரையில் விழுந்த பிம்பம் உடனே மறையாமல் சிறிது நேரம் நீடிக்கிறது." இந்த விடை முதல் கேள்விக்குப் பொருந்தும். வெளிச்சம் வினாடிக்கு ஏறத்தாழ 50 தடவை விட்டு விட்டு வந்தால், கண்ணுக்கு அது விடாமல் வருவது போலவே தோன்றும். அதனால்தான் புரொஜெக்டரில் சுழலும் மறைப்புத் தகடு ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று முறை மறைத்துக் காட்டுகிறது. 16 படங்களை மும்மூன்று முறை காட்டினால் 48. 24 படங்களை இரண்டிரண்டு முறை காட்டினாலும் 48. கணக்குச் சரியாக வருகிறதல்லவா?

ஆனால் இரண்டாவது கேள்விக்கு இந்த விடை போதாது. பழைய பிம்பம் நீடிக்கும்போதே புதிய பிம்பமும் விழுந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பித்தானே தெரியவேண்டும்? நகர்வது போல ஏன் தெரிகிறது? இதை ஆராய்ந்தவர் மாக்ஸ் வெர்தைமர் என்னும் உளவியல் அறிஞர். ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரில் தாம் செய்த சோதனைகளை அவர் 1912-இல் வெளியிட்டார். அவர் இரண்டு கோடுகளை அடுத்தடுத்துக் காட்டினார். இடைவெளி மிகக் குறைவாக இருந்தபோது இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் தெரிந்தன. இடைவெளி அதிகமாக இருந்தபோது முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று என்று தனித்தனியே தெரிந்தன. ஆனால் இடைவெளி ஒரு வினாடியில் ஏறத்தாழ 100-இல் 6 பங்காக இருந்தபோது, ஒரே கோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்ததாகத் தெரிந்தது!

நடுவில் இல்லாத நகர்ச்சியை இட்டு நிரப்பியது யார்? நம் மூளைதான். ஆகவே கார்ட்டூன் படத்தில் அசைவு என்பது எந்த ஒரு படத்திலும் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வேறுபாட்டில்தான் அது இருக்கிறது. இந்த ஒன்றை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்தே வரும்.

கண் பிடிக்க முடியாத கணங்கள்

அப்படியானால் கார்ட்டூன் வரைபவர் செய்யவேண்டியது என்ன? அடுத்தடுத்த படங்களின் வேறுபாட்டைச் சரியாக வரையவேண்டும். இங்கேதான் சிக்கல்.

நாலுகால் பாய்ச்சலில் ஓடும் குதிரையை ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வரைந்து வந்தார்கள். முன்கால்களை முன்னாலும் பின்கால்களைப் பின்னாலும் நீட்டியபடி குதிரை பறப்பது போல வரைவார்கள். 1878-இல் அமெரிக்காவில் பாலோ ஆல்டோ என்னும் இடத்தில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பவர் வரிசையாக 12 காமிராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். நான்கு கால்களும் தரையை விட்டு எழுவது உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை, வயிற்றுக்குக் கீழே ஒடுங்கி இருந்தன! தினந்தோறும் குதிரையைப் பார்த்தவர்கள் எல்லாரும் தவறாகவே வரைந்திருந்தார்கள்.

குதிரை வேண்டாம், ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து விழும் பந்தை வினாடிக்கு 16 படங்களாக வரையவேண்டும். நீங்கள் என்ன செய்வீர்கள்? சம இடைவெளியில் பந்துகளை வரைவீர்கள். ஓட்டிப் பார்த்தால் அந்தப் பந்து விழாது. கயிற்றில் கட்டி இறக்கியது போல மெல்ல இறங்கும். ஏன்? பௌதிகப் பாடத்தை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும். அதன்படி முதல் படத்தில் பந்து 1.9 செ.மீ. இறங்கியிருக்கும், இரண்டாவதில் 7.7 செ.மீ.; மூன்றாவதில் 17.2 செ.மீ.; நான்காவதில் 30.6 செ.மீ. அடுத்தடுத்த இடைவெளிகள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் கூடிக்கொண்டே போகும். கலிலியோ கண்ட அதே ஒற்றைப்படை எண்கள்தாம்!

பந்துக்காவது சூத்திரம் உண்டு. நடக்கும் மனிதனுக்கு என்ன சூத்திரம்? தலை ஏறி இறங்குகிறது. தோள் ஒரு பக்கம் திரும்ப, இடுப்பு மறுபக்கம் திரும்புகிறது. கை வீசும்போது நடுவில் வேகமாகவும் இரு முனைகளிலும் மெதுவாகவும் செல்கிறது. இத்தனையும் ஓர் அடி வைக்கும் அரை வினாடிக்குள் நடந்து முடிகின்றன. நினைவிலிருந்து வரையும் ஓவியர் இவற்றில் பலவற்றை விட்டுவிடுவார். அதனால் அந்தக் காலத்துக் கார்ட்டூன் உருவங்களில் பெரும்பாலானவை அட்டைப் பொம்மை போல வெட்டி வெட்டி நடந்தன.

பிளெய்ஷர் சகோதரர்கள்

இந்தச் சிக்கலைத் தீர்க்க முனைந்தவர் மாக்ஸ் பிளெய்ஷர். 1883-இல் போலந்தின் கிராகோ நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை ஒரு தையற்காரர். மாக்ஸ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. மாக்ஸுக்கு ஓவியத்திலும் இயந்திரங்களிலும் ஒரே அளவு ஆசை. 'பாப்புலர் சயன்ஸ் மந்த்லி' என்ற அறிவியல் மாத இதழில் அவர் ஓவியப் பகுதியின் ஆசிரியராக வேலை பார்த்தார். ஆம், நீங்கள் படிப்பது போன்ற ஓர் அறிவியல் பத்திரிகையில்தான்! புதிய இயந்திரங்களின் படங்களை வரைந்து வரைந்து, தாமும் ஒன்றைச் செய்யவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டது.

அவருடைய யோசனை மிக எளிமையானது. அசைவை நினைவிலிருந்து வரைவதால்தானே பிழை வருகிறது? அசையும் மனிதனைச் சினிமாவாக எடுத்து, அந்தப் பிலிமில் உள்ள படங்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, கோட்டின் மேல் கோடாக வரைந்தால் என்ன?

யோசனை ஒருவருடையது, வேலையோ பலருடையது. இன்னொரு சகோதரரான ஜோ இயந்திர வேலையில் கைகொடுத்தார். கடைசித் தம்பிகளுள் ஒருவரான டேவ், 1894-இல் பிறந்தவர்; மாக்ஸைவிட பதினொரு வயது இளையவர். சினிமா பிலிமை வெட்டி ஒட்டும் வேலை அவருக்குத் தெரியும். அதைவிட முக்கியமாக, ஆடிப்பாடிக் கோமாளித்தனம் செய்வதில் அவர் கெட்டிக்காரர். டேவ் கோமாளி உடை அணிந்துகொண்டு மொட்டை மாடியில் ஆடினார். அதைப் படம் பிடித்தார்கள். பிறகு பகல் வேலை முடிந்து வந்தபின், இரவு நேரங்களில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் படம் படமாக வரைந்தார்கள். வினாடிக்கு 16 படம் என்றால் ஒரு நிமிடத்துக்கு எத்தனை? 960 படங்கள்! முதல் சோதனைப் படத்தை முடிக்க ஏறத்தாழ ஓராண்டு பிடித்ததாகச் சொல்லப்படுகிறது.

கருவி வேலை செய்யும் விதம்

இந்தக் கருவிக்கு 'ரோட்டோஸ்கோப்' என்று பெயர். அதன் அமைப்பை இப்படி மனத்தில் வரைந்து பாருங்கள். ஒரு மேசை, அதில் ஒரு சட்டம், சட்டத்துக்குள் ஒரு பக்கம் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் தகடு. தகட்டுக்குப் பின்னால் ஒரு புரொஜெக்டர். அது பிலிமில் உள்ள ஒரே ஒரு படத்தை மட்டும் கண்ணாடியின் மேல் விழச்செய்து அப்படியே நிறுத்துகிறது. ஓவியர் கண்ணாடியின் முன்பக்கத்தில் மெல்லிய தாளை வைத்து உருவத்தின் ஓரங்களை வரைந்துகொள்கிறார். வரைந்து முடித்ததும் பிலிம் ஒரே ஒரு படம் நகர்த்தப்படும். அடுத்த தாள், அடுத்த படம். எல்லாவற்றையும் வரைந்தபின், அந்த ஓவியங்களை வரிசையாகக் காமிராவின் முன் வைத்துப் புதிய பிலிமில் ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கவேண்டும். அதைத் திரையில் ஓட்டினால் டேவின் ஆட்டத்தை மைக்கோட்டாலான கோமாளி ஆடுவான்!

மாக்ஸ் 1915 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1917 அக்டோபரில் அது வழங்கப்பட்டது. பிறகு அந்தக் கோமாளி 'கோகோ' என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றான். மைக்கூட்டிலிருந்து கோகோ எழுந்து வந்து, தன்னை வரைபவரிடமே வம்பு செய்வான். அவனை வரைபவராகத் திரையில் தோன்றியவர் மாக்ஸேதான்.

சகோதரர்கள் அதோடு நிற்கவில்லை. ஜெர்மனியில் தயாரான ஒரு படத்தை அடிப்படையாகக் கொண்டு, ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கையை விளக்கும் படம் ஒன்றை 1923-இல் வெளியிட்டார்கள். பிறகு பாட்டின் வரிகளைத் திரையில் காட்டி, எந்தச் சொல்லைப் பாடவேண்டுமோ அதன்மேல் ஒரு பந்து துள்ளிச் செல்லும்படி செய்தார்கள். அரங்கமே சேர்ந்து பாடியது. பின்னர், சுழலும் மேடையில் சிறு வீடுகளையும் மரங்களையும் உண்மையாகவே கட்டி, அதன்முன் ஓவியத்தை நிறுத்திப் படம் பிடித்து, தட்டையான கார்ட்டூனுக்கு ஆழம் கொடுத்தார்கள். இதற்கும் 1936-இல் காப்புரிமை கிடைத்தது.

பிரதி எடுத்தால் மட்டும் போதுமா?

இப்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். அசைவை அப்படியே பிரதி எடுக்க முடியும் என்றால் ஓவியருக்கு என்ன வேலை? யார் வேண்டுமானாலும் கோட்டின் மேல் கோடு போடலாமே?

போட்டுப் பார்த்தவர்களுக்கு உண்மை விளங்கியது. முதலாவதாக, கோடுகள் நடுங்கின. ஒரு படத்தில் கோடு அரை மில்லிமீட்டர் இடம் மாறினாலும், அதைத் திரையில் பெரிதாகக் காட்டும்போது உருவம் கொதிப்பது போலத் தோன்றும். வேறுபாட்டில்தான் அசைவு இருக்கிறது என்றோமே. கை செய்யும் பிழையும் ஒரு வேறுபாடுதான். மூளை அதையும் அசைவாகவே எடுத்துக்கொள்கிறது!

இரண்டாவதாக, உண்மையான அசைவு கார்ட்டூன் உடம்புக்குப் பொருந்தவில்லை. பெரிய தலையும் குச்சிக் கால்களும் கொண்ட உருவம், நம்மைப் போலவே நடந்தால் உயிரற்றதாகத் தெரிகிறது. ஆகவே கைதேர்ந்தவர்கள் பிலிமிலிருந்து நேரத்தையும் இடைவெளியையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். குனிவதை இன்னும் குனியவைத்தார்கள், தாவுவதை இன்னும் உயரத் தாவவைத்தார்கள். 1939-இல் பிளெய்ஷர் சகோதரர்கள் எடுத்த 'கலிவரின் யாத்திரை' முழுநீளப் படத்தில் இந்த வேறுபாட்டையே அழகாகப் பயன்படுத்தினார்கள். ராட்சத மனிதனான கலிவரை ரோட்டோஸ்கோப் கொண்டு வரைந்தார்கள். குள்ள மனிதர்களைக் கற்பனையால் வரைந்தார்கள். ஒரே திரையில் இரண்டு உலகங்கள்!

ஆனால் அந்தப் படம் வந்த காலத்திலேயே சகோதரர்களின் ஒற்றுமை உடைந்துகொண்டிருந்தது. மாக்ஸுக்கும் டேவுக்கும் பேச்சு நின்றுபோயிற்று. கடன் சுமையும் சேர்ந்துகொண்டது. 1942-இல் அவர்களுடைய நிறுவனம் பாரமவுண்ட் கம்பெனியின் கைக்குப் போய், வேறு பெயர் பெற்றது. அண்ணனும் தம்பியும் மீண்டும் சேர்ந்து படம் எடுக்கவே இல்லை. ஒருவர் ஆட ஒருவர் வரைந்து உண்டான கலை. ஒருவர் விலகியபோது அவர்களுடைய வீட்டில் அது நின்றுபோயிற்று. அவர்கள் கண்ட முறை மட்டும் நிற்கவில்லை.

இன்னோர் அண்ணன், இன்னொரு தம்பி

எழுபது ஆண்டுகள் கழித்து, 1985-இல், அதே நியூயார்க் மாநிலத்தில் ஜோர்டான் மெக்னர் என்ற இளைஞர் ஒரு கணினி விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். அதில் ஓர் இளைஞன் ஓடவேண்டும், தாவவேண்டும், சுவரைப் பற்றி ஏறவேண்டும். எத்தனை முறை வரைந்தும் அசைவு இயல்பாக வரவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? வீடியோ காமிராவை எடுத்துக்கொண்டு, பள்ளியில் படித்துக்கொண்டிருந்த தம்பியை வெள்ளை உடையில் ஓடச் சொன்னார், தாவச் சொன்னார். பிறகு படம் படமாக நிறுத்தி உருவத்தின் வெளிக்கோட்டைப் பிரதி எடுத்தார். அந்தத் தம்பியின் பெயரும் டேவிட்தான்!

'பிரின்ஸ் ஆப் பெர்ஷியா' என்ற அந்த விளையாட்டு 1989-இல் வெளிவந்தது. அது ஓடிய கணினியின் நினைவகம் வெறும் 128 கிலோபைட். இன்றைய கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தைக்கூட அதில் அடைக்க முடியாது. ஆகவே எல்லாப் படங்களையும் வைத்துக்கொள்ள இடமில்லை. எவற்றை விட்டாலும் அசைவு கெடாது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்த சில படங்களே போதுமானவையாக இருந்தன. மீதியை ஆடுபவரின் மூளை நிரப்பிக்கொண்டது.

இன்று நடிகரின் உடம்பில் சிறு குறிகளை ஒட்டி, பல காமிராக்களால் அவற்றின் இடத்தை அளந்து, கணினியில் உள்ள உருவத்தை அதேபோல அசைக்கிறார்கள். தாளும் கண்ணாடியும் போய்விட்டன, கருத்து அதேதான். நினைவை நம்பாதே, அளந்து பார். அளந்தபின் வேண்டியதைத் தேர்ந்தெடு.

செய்து பாருங்கள்

இந்தச் சோதனைக்கு இருவர் வேண்டும். வீட்டில் உள்ள தம்பியையோ தங்கையையோ அக்காவையோ துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் எதையும் பார்க்காமல், ஒருவர் நின்ற இடத்திலிருந்து குனிந்து, எம்பிக் குதித்து, தரையில் இறங்குவதை 20 சிறு தாள்களில் 20 படங்களாக வரையுங்கள். குச்சி மனிதன் போதும். தாளின் வலது ஓரமாக வரையவேண்டும். இடது ஓரத்தில் கிளிப் போட்டு, கட்டை விரலால் வேகமாகப் புரட்டிப் பாருங்கள்.

2. இப்போது உங்கள் துணைவரைக் குதிக்கச் சொல்லிக் கைபேசியில் வீடியோ எடுங்கள். கைபேசியை அசைக்கக் கூடாது. செங்கல் மேலோ புத்தக அடுக்கின் மேலோ சாய்த்து வையுங்கள்.

3. வீடியோவைத் தொடுதிரை இல்லாத ஒரு கணினியில் போட்டு, படம் படமாக நிறுத்துங்கள். பெரும்பாலான கைபேசிகள் வினாடிக்கு 30 படம் எடுக்கும். ஒன்று விட்டு ஒன்று எடுத்துக்கொண்டால் 15 கிடைக்கும், அது போதும்.

4. அறையை இருட்டாக்கி, மெல்லிய தாளைத் திரைமேல் வைத்து, மென்மையான பென்சிலால் அழுத்தாமல் வரையுங்கள். தலை, தோள், இடுப்பு, முழங்கால், பாதம் ஆகியவற்றைப் புள்ளிகளாகக் குறித்து இணைத்தாலே போதும். ஒவ்வொரு தாளிலும் வீடியோவின் இரண்டு மூலைகளைக் குறித்துக்கொள்ள மறவாதீர்கள். இல்லாவிட்டால் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் நடுங்கும்.

5. இவற்றையும் கிளிப் போட்டுப் புரட்டிப் பாருங்கள். பிறகு இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். உச்சியில் உடம்பு எத்தனை படங்கள் தங்குகிறது? தரையை நெருங்கும்போது இடைவெளி எவ்வளவு? குதிப்பதற்கு முன் எத்தனை படங்கள் குனிவதற்கே செலவாயின?

இரண்டாவது புத்தகத்தில் தலை உள்ள இடங்களை அளவுகோலால் அளந்து ஒரு வரைபடத் தாளில் குறியுங்கள். கிடை அச்சில் படத்தின் எண். நெடுக்கை அச்சில் உயரம். கால் தரையை விட்டு எழுந்தது முதல் திரும்பத் தரையைத் தொடும் வரை உள்ள புள்ளிகளை இணைத்தால் என்ன வடிவம் வருகிறது என்று பாருங்கள். அந்த வளைவின் பெயர் உங்கள் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று: முதலில் ஆடியவர் அடுத்த முறை வரையட்டும், வரைந்தவர் ஆடட்டும். அப்போதுதான் இருவருக்கும் முழு வேலையும் விளங்கும்.